வியாழக்கிழமை நிறுத்திய மாத்திரை

சுங்கை பட்டாணி
12 மே 2025

மருதம்மாளுக்கு,

உமாராணியிடம் மாத்திரையை நிறுத்தச் சொன்னது நான் இல்லை. முதலில் இதைத் திருத்திக்கொள், நலம் விசாரிப்பது பிறகு. திருவிழாவுக்காகப் பெண்கள் நாள் தள்ளிப்போக மாத்திரை சாப்பிட்டார்கள் என்பதே எனக்குத் திருவிழா முடிந்த மறுநாள்தான் தெரியும். அப்போது நான் இடது கண்ணில் கட்டுடன் படுத்திருந்தேன். "கான்வென்டில் படித்த கிழவி, சாமி நம்பிக்கை இல்லாதவள், அவள்தான் அந்தப் பெண்ணின் மனதைக் கெடுத்தாள்" என்று பாடாங் செராயில் பேசிக்கொள்கிறார்களாம். மீன் கொண்டுவருபவர் வரைக்கும் வந்து சொல்கிறார். கிழவி என்பது சரி. கான்வென்ட் என்பதும் சரி. மற்றது பொய்.

கட்டைப் பிரித்துவிட்டார்கள். எழுத்து நன்றாகத் தெரிகிறது. உன் சர்க்கரை எப்படி? கால் வீக்கம் வடிந்ததா?

வாட்சப்பில் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நீ கேட்பாய். குடும்பக் குழுவிலிருந்து நான் விலகிவிட்டேன். பால்குடத்தைத் தலையில் வைத்துக்கொண்டு நிற்கும் ஒரு பெண்ணின் பின்புறத்தைப் படம் பிடித்து, மஞ்சள் புடவையில் கறை பட்ட இடத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு அதில் அனுப்பியிருந்தார்கள். கீழே வரிசையாகக் கைகூப்பும் பொம்மைகள். அப்போதே விலகினேன். இரத்தத்தைப் பார்த்து அல்ல. அந்த வட்டத்தைப் போட்ட விரலை நினைத்து. அவள் உமாராணி, உன் மகன் சசிதரனின் மனைவி. அந்தப் படத்தை அழிக்கச் சொல்லி உன்னிடமிருந்து ஒரு வரி வரவில்லை.

தொலைபேசியிலும் பேச மாட்டேன். நான் உன்னிடம் சொல்வது ஒன்றாகவும் நீ அடுத்த வீட்டில் சொல்வது வேறாகவும் இருக்கிறது. தாளில் எழுதினால் அது நடக்காது.

கோயில் மகளிர் பிரிவுக்கு நீதான் தலைவி. மாத்திரை யோசனை யாருடையது? உமாராணியை நிறுத்தச் சொன்னது யார்? இவ்வளவுதான் கேள்வி. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அண்ணி,
நவமணி


பாடாங் செராய்
29 மே 2025

அன்புள்ள அண்ணிக்கு மருதம்மா கும்பிட்டு எழுதிக்கிறது.

இங்க எல்லாரும் சௌக்கியம். கால் வீக்கம் காலையில இல்ல, சாயங்காலம் வந்துருது. உங்க கண்ணு நல்லாயிருச்சுன்னு படிச்சு சந்தோசம். எனக்குப் பேசுற மாதிரிதான் எழுத வரும் அண்ணி. தப்பிருந்தா சிகப்பு மையில திருத்தி அனுப்பிராதீங்க.

நீங்கதான் நிறுத்தச் சொன்னீங்கன்னு நான் யார்கிட்டயும் சொல்லல. "ஒருவேள அண்ணிகிட்ட கேட்டிருப்பாளோ"ன்னு மட்டும்தான் சொன்னேன். அத இவங்க எப்படியெல்லாம் ஆக்கிட்டாங்க பாருங்க.

மாத்திரை யோசனை என்னோடதுதான். அதுல என்ன தப்பு? வருசா வருசம் காப்பு கட்டிட்டு, கடைசி நேரத்துல அஞ்சாறு பேரு "எனக்கு வந்துருச்சுக்கா"ன்னு குடத்த வச்சிட்டுப் போயிர்றாங்க. இந்த வருசம் ஒருத்தி கூட ஒதுங்கக் கூடாதுன்னு வேன் வச்சு எல்லாரையும் ஃபார்மசிக்குக் கூட்டிட்டுப் போனேன். எம் மக நளினியோட மாமனார் குணாளன் சம்பந்திதானே கோயில் செயலாளர், அவரே "தலைவின்னா இப்படி இருக்கணும்"னு பாராட்டினார். எல்லாரும்தான் சாப்பிட்டாங்க. நானும் சாப்பிட்டேன், தலைவியே போடாட்டி மத்தவங்க எப்படிப் போடுவாங்க? ஃபார்மசிப் பொண்ணு எனக்குக் குடுக்க மாட்டேன்னுச்சு, நளினியோட மாத்திரைப் பட்டையிலேருந்து ஒடிச்சு வாங்கிக்கிட்டேன். எனக்கு ஒண்ணும் ஆகலியே! உமாராணிக்கு மட்டும் வந்துச்சுன்னா அவ மனசு சுத்தம் அவ்வளவுதான். கையுறை ஃபேக்டரியில நைட் சிப்டு, எதுலயும் ஒரு ஒழுங்கு கிடையாது.

கோயிலுக்கு மூணு நாள் சுத்தி பூசை பண்ணினாங்க. ஆடிக்கூழ் அன்னைக்கு உமாராணி எல்லார் முன்னாடியும் நின்னு, "என்னால தீட்டாச்சு, மன்னிச்சிருங்க"ன்னு சொல்லணும்னு கமிட்டி முடிவு பண்ணிருச்சு. சொன்னாத்தான் கோயில் வாசல். அவ முடியாதுன்னு கோவிச்சுக்கிட்டு மெர்போக்குக்கு அவ அம்மா வீட்டுக்குப் போயிட்டா. சசிதரன் எங்கிட்டதான் சாப்பிடுறான். இளைச்சுப் போயிட்டான். நான் என்ன பண்ணட்டும் சொல்லுங்க.

மாங்கா ஊறுகா போட்டிருக்கேன், ஆள் வந்தா குடுத்து விடுறேன்.

இப்படிக்கு,
மருதம்மாள்


சுங்கை பட்டாணி
5 ஜூன் 2025

மருதம்மாளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. சிவப்பு மை எடுக்கவில்லை. எடுத்திருந்தால் தாளில் வேறு நிறம் மிஞ்சியிருக்காது. ஊறுகாய் வேண்டாம், எனக்கு இரத்த அழுத்தம்.

உனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று பெருமையாக எழுதியிருக்கிறாய். உனக்கு அறுபத்து நான்கு வயது. வருவது நின்று பத்து வருடத்துக்கு மேலாகிறது. வராத ஒன்றை நிறுத்த நீ மாத்திரை சாப்பிட்டிருக்கிறாய். அதுவும் இரத்தக்கட்டு ஆபத்து உள்ளவர்கள் தொடக்கூடாத மாத்திரை, சர்க்கரையும் கால் வீக்கமும் உள்ள உடம்பில். நாளைக்கே கிளினிக்குக்குப் போய் டாக்டரிடம் இதைச் சொல். வெட்கப்பட்டு மறைக்காதே.

அடுத்து எழுதப்போவதை எழுத எனக்கு அருவருப்பாக இருக்கிறது. கான்வென்டில் எங்களுக்கு இந்தப் பாடம் சொன்ன சிஸ்டர் கரும்பலகையில் படம் போட்டு விளக்கிவிட்டு, மணி அடிப்பதற்குள் தன் கையாலேயே அழித்துவிடுவார். நானும் முப்பது வருடம் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன். ஒளித்து வைக்க அல்ல. எல்லார் வாயிலும் விழுந்து புரள வேண்டிய விஷயம் இல்லை என்பதால். இப்போது பாடாங் செராய் முழுக்க வாயில் போட்டு மென்றாகிவிட்டது. இனி சரியாகவாவது தெரிந்துகொள்ளுங்கள்.

மூளையின் அடியில் பட்டாணி அளவில் பிட்யூட்டரி என்று ஒரு சுரப்பி இருக்கிறது. அதற்கு மேலே உள்ள ஹைபோதலாமஸ் உத்தரவு கொடுக்க, அது எஃப்.எஸ்.எச். என்னும் ஹார்மோனை இரத்தத்தில் விடும். அது சூலகத்துக்குப் போய்க் கருமுட்டையை வளர்க்கும். வளரும் முட்டையைச் சுற்றியிருக்கும் சிறு பை ஈஸ்ட்ரோஜனைச் சுரக்கும். ஈஸ்ட்ரோஜன் கருப்பையின் உள்சுவரைத் தடிக்கவைக்கும். அது உச்சத்துக்கு ஏறியதும் பிட்யூட்டரி எல்.எச். என்னும் இன்னொரு ஹார்மோனைச் சட்டென்று கூட்டிவிடும், முட்டை வெளியே வரும். முட்டை போன பிறகு அந்தக் காலிப் பை மஞ்சள் நிறமாகும். ஆம், மஞ்சள்தான், நீங்கள் கட்டிக்கொண்டு போனீர்களே, அதே நிறம். அந்த மஞ்சள் பை புரொஜெஸ்ட்ரோனைச் சுரக்கும். தடித்த சுவர் விழாமல் நிற்பது புரொஜெஸ்ட்ரோனால். கரு தங்கினால் அது தொடரும். தங்காவிட்டால் இரண்டு வாரத்துக்குள் பை சுருங்கிவிடும், புரொஜெஸ்ட்ரோன் விழும், சுவர் உதிரும். வெளியே வருவது அதுதான். ஒரு குழந்தை தங்கியிருந்தால் அதற்கு உணவாகியிருக்கும் சுவர். மனசு சுத்தத்துக்கும் இதற்கும் ஒரு தொடர்பும் கிடையாது. நைட் சிப்டுக்கும் புரொஜெஸ்ட்ரோன் விழுந்ததற்கும் நீ முடிச்சுப் போடவும் வேண்டாம்.

இப்போது மாத்திரை. அது செயற்கைப் புரொஜெஸ்ட்ரோன். அதைச் சாப்பிடும்வரை சுவர் நிற்கும். நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் உதிரும். உமாராணிக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தது. அப்படியானால் அவள் வியாழக்கிழமை நிறுத்தியிருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பால்குடம் என்று தெரிந்த பெண் வியாழக்கிழமை எதற்கு நிறுத்துகிறாள்? யார் சொல்லி நிறுத்தினாள்? போன கடிதத்திலும் இதைக் கேட்டேன். நீ ஊறுகாய் பற்றி எழுதினாய்.

டாக்டரைப் பார்த்ததும் எழுது.

நவமணி


பாடாங் செராய்
30 ஜூன் 2025

அன்புள்ள அண்ணிக்கு,

எல்லாரும் சௌக்கியம். நீங்களும் சௌக்கியமா இருக்கணும். பதில் போட நாளாயிருச்சு, கோவிச்சுக்காதீங்க. டாக்டர் பார்த்தாச்சு, கால்ல ஏதோ ஸ்கேன் எடுத்தாங்க, ரத்தக்கட்டு இல்லையாம். அந்த நர்ஸ் மிஸ்ஸி என்னைப் பார்த்து, "பாட்டி, இந்த வயசுல யாருக்குப் போட்டியா இந்த மாத்திரை?"ன்னு கேட்டுச்சு. எல்லாரும் சிரிச்சாங்க.

கோயில் சமையக்கட்டுக்குப் புதுக் கூரை போடுறோம். ஆடிக்கூழுக்குள்ள முடியணும். இங்க ஒரே மழை, ரப்பர் பால்மரம் வெட்டப் போறவங்களுக்குக் கூட வேலை இல்ல. நளினி போன வாரம் வந்து ரெண்டு நாள் இருந்துட்டுப் போனா. சரியா சாப்பிடல.

உங்க லெட்டரப் படிச்சிட்டு அடுப்புல போட்டுட்டேன், ஆம்பளப் புள்ள இருக்கிற வீடு. அதெல்லாம் எழுத உங்களுக்கு எப்படி மனசு வந்துச்சு?

கமிட்டி சொன்னபடி ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டா உமாராணிக்கு என்ன குறைஞ்சிரும்? நீங்க சொன்னாக் கேப்பா. சொல்லி அனுப்புங்க அண்ணி.

யாரு, எந்த நாள் நிறுத்தச் சொன்னாங்கன்னு கேட்டிருந்தீங்க. எனக்கு ஞாபகம் இல்ல.

இப்படிக்கு,
மருதம்மாள்


மெர்போக்
8 ஜூலை 2025

டீச்சர் அத்தைக்கு உமாராணி வணக்கத்துடன் எழுதுவது.

உங்கள் கடிதம் கிடைத்தது. நானும் அம்மாவும் நலம். உங்கள் கண் நன்றாகத் தெரிகிறது என்று அறிந்து மகிழ்ச்சி. நான் தமிழில் இவ்வளவு பெரிதாக எழுதி ரொம்ப நாளாகிறது. பிழை இருந்தால் மன்னிக்கவும்.

நடந்ததை நடந்தபடி எழுதச் சொல்லியிருந்தீர்கள்.

ஃபார்மசியில் நஜ்வா அக்கா எங்களைத் தனித்தனியாகக் கூப்பிட்டார். கடைசியாக எப்போது வந்தது, கடுமையான ஒற்றைத் தலைவலி உண்டா, காலில் இரத்தக்கட்டு வந்திருக்கிறதா என்று ஒவ்வொருவரிடமும் கேட்டார். இரண்டு பேருக்குக் கொடுக்கவே இல்லை. எனக்குக் கொடுக்கும்போது, "தங்கச்சி, கோயில் வேலை முழுசா முடியிற வரைக்கும் ஒருவேளை கூட விடாதீங்க. விட்டா வந்துரும்லா, அப்புறம் என்னைக் கேக்கக் கூடாது" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். எல்லாரிடமும் அதையே சொன்னார்.

வியாழக்கிழமை மாலை கோயில் மண்டபத்தில் எங்களைக் கூட்டினார்கள். செயலாளர் மைக்கில், "பால்குடம் எடுக்கிற பொம்பளைங்க எல்லாம் தீட்டு மாத்திரை போட்டாச்சா? போடாதவங்க கையத் தூக்குங்க!" என்றார். நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்த பையன்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். பிறகு எங்கள் அத்தை, சசியின் அம்மா, மைக்கை வாங்கினார். "நாளையிலேருந்து கடும் விரதம். பாலு, பழம், எளநி, அவ்வளவுதான். மருந்து மாத்திரை எதுவும் வாயில படக் கூடாது" என்றார். பின்னால் இருந்து ஒரு அக்கா, "அந்த மாத்திரையுமா?" என்று கேட்டார். அத்தை, "ஏன், அது மட்டும் பிரசாதமா? இத்தன நாள் போட்டது உடம்புல ஊறிக் கிடக்கும், மூணு நாள் தாங்காதா?" என்றார். எல்லாரும் தலையாட்டினோம். நானும்தான். எனக்கும் அது சரியென்றே பட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மண்டபத்துக்குப் பின்னால் இருக்கும் கழிவறையில் வரிசை நின்றது. வழக்கமாக அங்கே ஒரே சத்தமாக இருக்கும். அன்றைக்கு யாரும் பேசவில்லை. அத்தை வாசலில் நின்று, "சீக்கிரம், சீக்கிரம், மேளம் வந்துருச்சு" என்று அனுப்பிக்கொண்டிருந்தார். நான் உள்ளே பார்த்துவிட்டுப் பதறி நின்றபோது, பக்கத்து அறையிலிருந்து தடுப்புக்கு மேலே ஒரு கை வந்து நாப்கின் ஒன்றை நீட்டியது. வளையலைப் பார்த்ததும் யார் என்று தெரிந்துவிட்டது. பெயர் எழுத மாட்டேன். அதே கையில் அவர்களுக்கும் ஒன்று இருந்தது. எனக்கு அந்த ஒன்று போதவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

எனக்குக் கோயில் வாசல் வேண்டாம் டீச்சர் அத்தை. அந்த மன்னிப்பையும் கேட்க மாட்டேன். கேட்டால் நானே தீட்டு என்று ஒத்துக்கொண்டதாகிவிடும். சசி வந்து கூப்பிட்டால் போதும். தினமும் போன் பண்ணுகிறார். "அம்மா ஒரு வார்த்தை சொல்லட்டும், காடிய ஓட்டிக்கிட்டு வந்துர்றேன்" என்கிறார். அத்தை அந்த வார்த்தையைச் சொல்ல மாட்டேன் என்கிறார்.

அன்புடன்,
உமாராணி


சுங்கை பட்டாணி
12 ஜூலை 2025

மருதம்மாளுக்கு,

காலில் கட்டு இல்லை என்பது நல்ல செய்தி. தொடர்ந்து பார்த்துக்கொள்.

உனக்கு ஞாபகம் இல்லாத நாள் வியாழக்கிழமை. மைக்கைப் பிடித்து நிறுத்தச் சொன்னது நீ. ஃபார்மசியில் நஜ்வா நிறுத்த வேண்டாம் என்று சொல்லித்தான் அனுப்பியிருக்கிறாள். அந்தப் பெண் படித்துவிட்டுச் சொன்னதை நீ விரதத்தால் வெட்டிவிட்டு, அதன் பலன் வந்தபோது ஒருத்தி தலையில் வைத்தாய். போதாதென்று என் தலையிலும் கொஞ்சம்.

உங்கள் செயலாளர் ஒலிபெருக்கியில் மாத்திரை போட்டாச்சா என்று கேட்டிருக்கிறார். அந்தக் கூட்டத்தில் அவருடைய மருமகளும் உட்கார்ந்திருந்தாள், உன் மகள். இது வந்தால் தீட்டு, கோயிலுக்குள் கால் வைக்கக் கூடாது. ஆனால் வருமா வராதா என்று மைக்கில் விசாரிக்கலாம், பையன்கள் சிரிக்கலாம், படம் எடுத்து வட்டம் போடலாம். இதில் எது அசிங்கம் என்று உனக்குத் தெரியவில்லையா?

ஒரே மாலையில் நிறுத்திய அத்தனை பெண்களில் ஒருத்திக்கு மட்டும் வந்தது என்று என்னிடம் சொல்லாதே. எல்லாருக்கும் வந்திருக்காது. அப்போதுதான் தலைக்குக் குளித்திருந்தவர்களுக்குச் சுவர் தடித்திருக்காது, உதிர ஒன்றும் இருந்திருக்காது. மற்றவர்களுக்கு? கழிவறை வாசலில் நின்றவள் நீ.

ஆடிக்கூழுக்கு முன்னால் கமிட்டிக்கு ஒரு கடிதம் எழுது. மாத்திரையை நிறுத்தச் சொன்னது நான், அதனால்தான் வந்தது, உமாராணி மீது குற்றம் இல்லை என்று எழுது. சசிதரனைக் காடியை எடுத்துக்கொண்டு மெர்போக்குக்குப் போகச் சொல். எனக்குப் பதில் எழுது.

நவமணி


பாடாங் செராய்
31 ஜூலை 2025

அண்ணிக்கு,

சௌக்கியம் கேட்டு எழுதுற நிலைமையில நான் இல்ல. மூணு தடவ எழுதிக் கிழிச்சிட்டேன்.

நளினிக்கும் வந்துச்சு. இப்ப திருப்தியா? அவ கருவறை வாசல் வரைக்கும் குடத்தைக் கொண்டு போயிட்டா. அம்மன் மேல அவ பாலு ஊத்தும்போதுதான் புடவை ஓரத்துல ஒரு பொட்டு பார்த்தேன். நான் என் துண்ட எடுத்து அவ இடுப்பச் சுத்திக் கட்டி, "வேர்க்குது பாரு உனக்கு"ன்னு சொல்லி இழுத்துட்டு வந்துட்டேன். அவ என் மூஞ்சியப் பார்த்தா. நான் அவ மூஞ்சியப் பார்க்கல. அந்தப் பாலு அபிஷேகத்துல கலந்துருச்சு. எல்லாரும் தீர்த்தம்னு குடிச்சாங்க. நானும் குடிச்சேன். அன்னையிலேருந்து எனக்குத் தூக்கம் இல்ல.

கழிவறை வாசல்ல நின்னேன், ஆமா. எத்தன பேருக்குன்னு தெரியும். வாயத் திறந்தா நளினி பேரும் வரும். அவ மாமனார் செயலாளர். ஏற்கனவே குழந்தை இல்லன்னு அந்த வீட்டுல குத்திக் காட்டுறாங்க. கோயிலையே தீட்டாக்கினவன்னு தெரிஞ்சா அன்னைக்கே பெட்டியோட அனுப்பிருவாங்க. உமாராணிக்காவது சசிதரன் இருக்கான், அவன் விட மாட்டான். என் மகளுக்கு யார் இருக்கா?

உங்களுக்குப் புள்ள இல்ல அண்ணி. மூளைக்கடியில பட்டாணி இருக்கு, முட்டை இருக்குன்னு நல்லா எழுதுவீங்க. பெத்தவ வயிறு எரியிறது உங்களுக்குத் தெரியாது.

மருதம்மாள்


சுங்கை பட்டாணி
4 ஆகஸ்ட் 2025

மருதம்மாளுக்கு,

விரைவு அஞ்சலில் அனுப்புகிறேன். கூழ் ஊற்றும் ஞாயிற்றுக்கிழமைக்குள் உனக்குக் கிடைக்க வேண்டும்.

எனக்குப் பிள்ளை இல்லை. சரி. நீ எழுதாமல் இருந்தாலும் அது எனக்குத் தெரியும். உன் அண்ணன் உயிரோடு இருந்தவரை இந்த வாக்கியத்தை உங்கள் வீட்டில் யாரும் என் முகத்துக்கு நேரே சொன்னதில்லை. இப்போது சொல்லியாகிவிட்டது. இனி விஷயத்துக்கு வா.

நளினியின் பெயரை எழுது என்று நான் கேட்கவில்லை. யாருடைய பெயரும் வேண்டாம். மாத்திரையை நிறுத்தச் சொன்னது நான், பிழை என்னுடையது. இதை எழுத உன் மகள் தேவையில்லை, மருமகள் தேவையில்லை. உன் தலைவி நாற்காலி போகும். நான் உன் மகளைக் கேட்கவில்லை, அந்த நாற்காலியைத்தான் கேட்கிறேன்.

பாலைப் பற்றி எழுதியிருந்தாய். அதற்கு நான் பதில் சொல்லக்கூடியவள் இல்லை. ஆனால் குடித்த அத்தனை பேரும் நடமாடிக்கொண்டிருக்கிறார்கள். அம்மன் ஒன்றும் சொன்னதாகத் தெரியவில்லை. சொல்வதெல்லாம் கமிட்டிதான்.

இரவில் தூங்கு. சர்க்கரை ஏறும்.

நவமணி


பாடாங் செராய்
18 ஆகஸ்ட் 2025

டீச்சர் அத்தைக்கு உமாராணி வணக்கம்.

நலம்தானே? நான் வீட்டுக்கு வந்துவிட்டேன்! கூழுக்கு முந்தின நாளே சசி மெர்போக்குக்கு வந்தார். அத்தை கமிட்டிக்குக் கடிதம் கொடுத்துவிட்டார். நீங்கள்தான் எழுதவைத்தீர்கள் என்று எனக்குத் தெரியும். எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

செயலாளர் அதை மைக்கில் படித்தார். ஃபார்மசியில் கொடுத்தது பழைய ஸ்டாக், காலம் கடந்த மாத்திரை, அதனால்தான் வேலை செய்யவில்லை, மருமகள் மீது குற்றமில்லை என்று அதில் இருந்தது. எல்லாரும், "பார்த்தியா, அதானே, நம்ம புள்ள என்ன பண்ணும்" என்றார்கள். எனக்குக் கூழ் முதல் கிண்ணம் கொடுத்தார்கள். பொய் என்று தெரிந்தே குடித்துவிட்டேன். அத்தைக்கு அடுத்த வருடமும் தலைவி பதவி.

நஜ்வா அக்கா கடைக்கு நம் ஆட்கள் இப்போது போவதில்லை. அந்தப் பக்கம் போனால் நான் எதிர்ச்சாரியில் நடக்கிறேன்.

இதை இதோடு விட்டுவிடுங்கள் டீச்சர் அத்தை. கெஞ்சிக் கேட்கிறேன். இப்போதுதான் வீடு வீடாக இருக்கிறது. நளினி அண்ணியும் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார்.

அன்புடன்,
உமாராணி


சுங்கை பட்டாணி
25 ஆகஸ்ட் 2025

மருதம்மாளுக்கு,

நலமாக இருப்பாய் என்று நினைக்கிறேன். நாற்காலி நலமாக இருக்கிறது என்று கேள்விப்பட்டேன். என் கண்ணும் நலம்.

வெள்ளிக்கிழமை டாக்ஸி பிடித்துப் பாடாங் செராய்க்கு வந்தேன். உன் வீட்டுக்கு வரவில்லை, நஜ்வாவின் கடைக்குப் போனேன். உங்கள் கூட்டத்துக்குக் கொடுத்த அதே மாத்திரையை எடுத்துக் காட்டினாள். காலாவதியாக இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது. இதைக் கமிட்டிக்கு எழுதுகிறேன் என்றேன். "வேணாம்மா. நீங்க எழுதினா, துலுக்கச்சிக்குப் பரிஞ்சு வந்துட்டாங்கன்னு பேசுவாங்க. ஒரு வருஷம் போனா மறந்துருவாங்க, தலைவலிக்கு எங்கிட்டதானே வரணும்" என்று சொல்லிவிட்டு எனக்கு ஒரு நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். நான் உட்காரவில்லை. உன் குடும்பத்துப் பெயரை வைத்துக்கொண்டு அந்தக் கடையில் உட்கார எனக்குக் கூசியது.

பிழை என்னுடையது என்று ஒரு வரி எழுதக் கேட்டேன். நீ அதை எடுத்து, உனக்குச் சரியாகச் சொன்ன ஒரே ஆளின் தலையில் வைத்தாய். மருமகளிடமிருந்து எடுத்து நஜ்வாவிடம் கொடுத்தாய். உமாராணியும் அந்தக் கூழைக் குடித்துவிட்டு என்னை விட்டுவிடச் சொல்கிறாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன், அவளுக்கு வீடு வேண்டும். உன்னைப் பற்றி எழுத நினைத்த சொற்களை அடித்துவிட்டேன். கான்வென்டில் அப்படிப்பட்ட சொற்களுக்கு முட்டி போடவைப்பார்கள்.

ஆனால் விட முடியாத ஒன்று இருக்கிறது. மாத்திரை பழையது என்று எல்லாரும் நம்பிவிட்டார்கள். அதனால் வரும் சித்திரைத் திருவிழாவுக்கு வேறு கடையில் புது மாத்திரை வாங்குவீர்கள். நீதான் தலைவி. வியாழக்கிழமை மாலை உன் கையில் மைக் இருக்கும். கடும் விரதம் என்று சொல்லி நிறுத்தவைப்பாய். மாத்திரை எந்தக் கடையிலிருந்து வந்தால் என்ன? நிறுத்தினால் புரொஜெஸ்ட்ரோன் விழும், சுவர் உதிரும், ஞாயிற்றுக்கிழமை காலையில் அதே கழிவறையில் அதே வரிசை நிற்கும். கறை யார் புடவையில் தெரியப்போகிறது என்பது உன் கையில் இல்லை. இந்த வருடம் நளினி உன் துண்டு எட்டும் தூரத்தில் இருந்தாள்.

கமிட்டிக்கு நான் எழுதப்போவதில்லை. என்னிடமிருந்து வந்தால் கிழவியின் கிறுக்கு என்பார்கள். உன்னிடம் இரண்டு கேள்வி மட்டும் கேட்கிறேன்.

அடுத்த சித்திரையில் பெண்களுக்கு மாத்திரை வாங்கிக் கொடுக்கப்போகிறாயா? கொடுத்தால், திருவிழா முடியும்வரை நிறுத்தக் கூடாது என்று அதே மைக்கில் சொல்வாயா?

உன் பதிலை எழுதி அனுப்பு.

நவமணி